சோலார் போட்டால் கரண்ட் கட்டே இருக்காது என்று யாராவது சொன்னால்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பேனல் ஏறியதிலிருந்து தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது, "பில் எவ்வளவு குறைஞ்சுது?" என்றுதான். நன்றாகவே குறைந்தது. இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் பக்கம் ஓடும் வீடு, பில் ஆறாயிரத்தை ஒட்டி வரும். இப்போது சில நூறு ரூபாயோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கதையைச் சொல்ல யூடியூபில் ஆள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் நான் சோலார் போட்டது பில்லுக்காக இல்லை. கரண்ட் போகிறபோது அப்பாவின் ஆக்சிஜன் மிஷின் நிற்கக்கூடாது என்பதற்காக. கைக்காசு கொட்டி வாங்கிய பொருளில் அந்த ஒன்று மட்டும் இல்லை என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. இதே நிலைமையில் வேறு யாராவது இருந்தால், விற்க வருகிறவர் சொல்லாததை நானாவது சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீடு தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில். அம்மா இல்லை, தம்பி சிங்கப்பூரில். வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பாவுக்கு நுரையீரலில் தழும்பேறும் வியாதி. ராத்திரி தூங்கும்போது ஆக்சிஜன் வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததிலிருந்து காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் மிஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கரண்ட் போனால் அது பேசாமல் நிற்காது. சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நீளமாகக் கத்தும். மூக்கில் டியூபோடு தூங்குகிற மனுஷர் அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார். அந்தப் பதற்றத்திலேயே மூச்சு இன்னும் வாங்கும்.

2024 கோடை ஞாபகம் இருக்கும். மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, அதுவரை இல்லாத உச்சம். 2012இல் சென்னைக்கு 2 மணி நேரம், வெளி மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் என்று கரண்டை நிறுத்தினார்களே, அந்த மாதிரிப் பற்றாக்குறை இல்லை இது. மாநிலத்தில் மின்சாரம் இருந்தது, எங்கள் தெருவுக்குள் வந்து சேரவில்லை. ராத்திரி பத்து, பத்தரைக்கு எல்லா வீட்டு ஏசியும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கும். தனி வீடுகள் மட்டும் இருந்த காலத்தில் வைத்த டிரான்ஸ்ஃபார்மரில் இன்று நாலு மாடி அபார்ட்மென்ட்கள் தொங்குகின்றன. முதலில் வோல்டேஜ் இறங்கி ஃபேன் சோம்பும். பிறகு பீஸ் போகும், இல்லையென்றால் ஒரு ஃபேஸ் போகும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 அடித்துச் சொன்னால் ஆள் வருவார்கள். நடுராத்திரியில் ஏணி சாய்த்து ஏறி சரிசெய்துவிட்டுப் போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தாங்கக்கூடியதற்கு மேல் இழுத்தால் அந்தப் பெட்டிதான் என்ன செய்யும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு இன்வெர்ட்டர் இருந்தது, 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்றோடு. ஃபேனுக்கும் லைட்டுக்கும் வாங்கியது. மிஷினை அதில் ஓட்டினால் இரண்டு மணி நேரம் தாண்டாது. காரணத்தை எளிய கணக்கில் சொல்லிவிடுகிறேன், பேட்டரி வாங்கப் போகும் யாருக்கும் இது உதவும். 12 வோல்ட்டை 150 ஏஎச்ஆல் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பெருக்கினால் 1,800 வாட்-ஹவர். ஆயிரம் வாட்-ஹவர் ஒரு யூனிட், அதாவது ஏட்டளவில் 1.8 யூனிட். டியூபுலர் மாதிரியான லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும், ஆக நிம்மதியாக எடுக்கக்கூடியது 0.9 யூனிட்தான். பேட்டரி பழசாகிவிட்டால் அதுவும் இல்லை. எங்கள் கான்சன்ட்ரேட்டர் 330 வாட் இழுக்கிறது. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஓடினால் அது மட்டுமே 2.6 யூனிட். இன்னொன்று, பழைய இன்வெர்ட்டர்களில் நிறைய ஸ்கொயர் வேவ் ரகம், ஈபி கரண்டின் வழுவழுப்பான அலைக்குப் பதில் கட்டம் கட்டமாகக் கரண்ட் தருவது. அதில் போட்டதும் மிஷினின் கம்ப்ரஸர் சத்தம் மாறி உறுமும், தொட்டால் சுடும். மருத்துவக் கருவி எதுவாக இருந்தாலும் ஈபி மாதிரியே அலை தரும் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் வேண்டும். கடையில் "எல்லாம் ஒண்ணுதான்" என்பார்கள், நம்ப வேண்டாம்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டு மாடிச் சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டம் பற்றி எல்லா இடத்திலும் பேச்சு. முதல் 2 கிலோவாட்டுக்கு தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். தம்பி போனில், "போட்டுடு அக்கா, நான் பாதி அனுப்புறேன்" என்றான். மூன்று பேரிடம் விலை கேட்டு, பேச்சில் நல்லவராகத் தெரிந்த ஒருவரை வரச் சொன்னேன். அப்பாவின் மிஷினைக் காட்டித்தான் பேசினேன். அவர் மொட்டை மாடியில் நின்று, "மேடம், மேல சூரியன் இருக்கிற வரைக்கும் உங்களுக்குக் கரண்ட் கட்டே கிடையாது. ராத்திரிக்கு இருக்கிற இன்வெர்ட்டரே போதும், சோலார்ல நல்லா சார்ஜ் ஏறிடும்" என்றார். 540 வாட் பேனல் ஆறு, 3 கிலோவாட் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (ஈபி லைனோடு இணைந்து ஓடுவது), எல்லாம் சேர்த்து 2,10,000. ஜூலையில் வேலை முடிந்து இரு வழி மீட்டரும் மாட்டியாயிற்று. மானியம் ஒழுங்காக வங்கிக் கணக்கில் ஏறியது, அதில் ஒரு சிக்கலும் இல்லை. மானியத்துக்கு இந்தியாவிலேயே செய்த செல்களைக் கொண்ட பேனல்தான் இருக்க வேண்டும், அதை மட்டும் பில்லில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் எங்கள் பகுதிக்குப் பராமரிப்பு மின்தடை வந்தது, பேப்பரில் முன்கூட்டியே போட்டிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. நான் கவலையே படவில்லை, நல்ல வெயில். கொஞ்ச நேரத்தில் பழைய பேட்டரி இறங்கி ஃபேன் நின்றது. மாடிக்கு ஓடிப் பார்த்தால் பேனல் எல்லாம் தகதகவென்று இருக்கிறது, சுவரில் இருக்கும் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு, திரையில் 'நோ கிரிட்', அதாவது ஈபி லைன் இல்லை என்று ஒரே வரி. போன் போட்டால், "ஈபி கரண்ட் வந்ததும் ஓடும் மேடம்" என்கிறார் அதே மனுஷர், ஏதோ எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம் போல. கை நடுங்கிவிட்டது எனக்கு. ஈபி கரண்ட் இருந்தால் இவருடைய சோலார் எனக்கு எதற்கு?

ஏன் அப்படி என்பதைப் பிறகு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தனியாக ஓடும் பொருளே இல்லை. ஈபி லைனில் வரும் 50 ஹெர்ட்ஸ் அலையைப் பார்த்து, அதோடு இசைந்துதான் கரண்டை உள்ளே தள்ளும். லைன் செத்துவிட்டால் 2 விநாடிக்குள் தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால், லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்கிற ஊழியர் மேல் நம் வீட்டுச் சோலார் பாயும். விதியில் தப்பில்லை, மிகச் சரியான விதி. அதை விற்கும்போது சொல்லாமல் மறைப்பதுதான் அயோக்கியத்தனம். இன்னும் ஒன்று இருக்கிறது, இதை யாருமே சொல்லவில்லை. லைன் வோல்டேஜ் 230இல் 80 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 184க்குக் கீழே போனாலும் இன்வெர்ட்டர் விலகிக்கொள்ளும். வெயில் உச்சியில் இருக்கும் மத்தியானத்தில் ஏசி லோடால் தெருவில் லோ வோல்டேஜ் வந்தால், கரண்ட் 'இருக்கிறது', ஆனால் சோலார் ஓடாது. எங்கள் தெருவில் 175 வரை இறங்கிப் பார்த்திருக்கிறேன். சோலாருக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒரு சின்ன பிளக்-இன் மீட்டர் வாங்கி மத்தியானமும் ராத்திரியும் சில நாள் வோல்டேஜைக் குறித்து வையுங்கள். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதே மீட்டரில் வீட்டு மிஷின்கள் எத்தனை வாட் இழுக்கின்றன என்றும் பார்த்துவிடலாம்.

நான் விடாமல் சண்டை போட்டதில் அவர் ஒரு பையனை அனுப்பினார். அந்தப் பையன் சொன்ன யோசனை இது: சோலார் இன்வெர்ட்டரின் வெளியீட்டை நம் பழைய வீட்டு இன்வெர்ட்டரின் லோடு பக்கத்தில் கோத்துவிட்டால், கரண்ட் போனபோது வீட்டு இன்வெர்ட்டர் தரும் 230 வோல்ட்டை ஈபி என்று நினைத்துச் சோலார் ஓட ஆரம்பித்துவிடுமாம். கேட்கப் புத்திசாலித்தனமாக இருக்கிறது அல்லவா? ஓடவும் ஓடியது, ஒரு அரை மணி. மத்தியான வெயிலில் மேலிருந்து 2 கிலோவாட் வருகிறது, வீட்டில் ஓடுவது இரண்டு ஃபேனும் ஃபிரிட்ஜும். மிச்சம் எங்கே போகும்? வாங்கிக்கொள்ள ஈபி லைன் இல்லை. வீட்டு இன்வெர்ட்டருக்குள்ளேயே திரும்பிப் பாய்ந்து வோல்டேஜ் எகிறியது. டப் என்று ஒரு சத்தம், மாடிப்படி முழுக்கப் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். இன்வெர்ட்டர் போர்டு 6,500, ஃபிரிட்ஜின் சர்க்யூட் போர்டு 5,800. பையன் முகம் வெளுத்து நின்றான், அவனைத் திட்டி என்ன ஆகப் போகிறது. கம்பெனிக்காரர், "வாரண்டில இது வராது மேடம்" என்று முடித்துக்கொண்டார். யாராவது உங்கள் வீட்டிலும் இந்த வித்தையைக் காட்ட வந்தால் மெயினை ஆஃப் செய்துவிட்டு அனுப்பிவிடுங்கள். ஆன்-கிரிட்டோடு பேட்டரி சேர்ப்பதற்கு ஒழுங்கான வழிகள் இருக்கின்றன. ஒன்று, இன்வெர்ட்டரையே பேனல், பேட்டரி, ஈபி மூன்றையும் சேர்த்துக் கையாளும் ஹைப்ரிட்டாக மாற்றுவது. இல்லையென்றால், இதற்கென்றே வடிவமைத்த பேட்டரி இன்வெர்ட்டரைப் பக்கத்தில் வைப்பது. அது அதிர்வெண்ணைக் கொஞ்சம் ஏற்றிச் சோலாரைக் கட்டுப்படுத்தத் தெரிந்தது. சாதாரண வீட்டு இன்வெர்ட்டருக்கு அது தெரியாது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் மனசே விட்டுப்போனது. ஆபீசிலிருந்து வந்து, சமைத்து, அப்பாவைப் படுக்க வைத்து, பிறகு நடு ஹாலில் உட்கார்ந்து கரண்ட் போகிறதா என்று காத்திருப்பேன். போகாத ராத்திரியிலும் தூக்கம் வராது. பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை டெபாசிட் கட்டி வாடகைக்கு எடுத்து வைத்தேன். நிமிஷத்துக்கு 2 லிட்டர் என்றால் 1,500 லிட்டர் சிலிண்டர் பன்னிரண்டு மணி நேரம் வரும். பேட்டரி எத்தனை பெரிதாக வாங்கினாலும் இந்தச் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், ஏன் என்று பின்னால் தெரியும்.

அக்டோபரில் வேறொரு ஆளைப் பிடித்தேன், வயதானவர், எலக்ட்ரீஷியனாக இருந்து சோலாருக்கு வந்தவர். இந்த முறை விலை கேட்பதற்கு முன்னால் நானே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மிஷின் 2.6, குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் இரண்டு எட்டு மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், ஃபிரிட்ஜ் ராத்திரிக்கு 0.4, வைஃபையும் விடிவிளக்கும் 0.1. மொத்தம் ஒரு ராத்திரிக்கு 3.7 யூனிட். 51.2 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் பேட்டரி என்றால் 5.12 யூனிட். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ரகத்தில் 90 சதவீதம் வரை எடுக்கலாம். இன்வெர்ட்டரில் போகும் நஷ்டத்தைக் கழித்தால் கையில் நாலு யூனிட் நிற்கும், சரியாகப் பொருந்தியது. 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் 92,000, பேட்டரி 1,28,000. பேட்டரிக்கு மானியம் கிடையாது, மானியம் சோலார் திறனுக்கு மட்டும்தான். முதலிலேயே ஹைப்ரிட்டாகப் போட்டிருந்தால் அதே 78,000 மானியமும் வந்திருக்கும், பழைய இன்வெர்ட்டரை 11,000க்குத் தள்ளிவிட வேண்டியும் வந்திருக்காது. ஒரு முக்கியமான விஷயம்: மீட்டர் மாட்டியபோது கொடுத்த ஆவணங்களில் பழைய இன்வெர்ட்டரின் மாடலும் எண்ணும் இருக்கும். மாற்றுவதற்கு முன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒன்றோடொன்று 'பேசும்' ஜோடியா என்று இன்வெர்ட்டர் கம்பெனியின் பட்டியலில் பாருங்கள். பேட்டரிக்காரர் "எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்பார், அது போதாது.

வயரிங்கில்தான் அந்தப் பெரியவர் அதிக நேரம் செலவழித்தார், 24,000 அதற்கே போனது. கரண்ட் போனால் ஓட வேண்டியவற்றை மட்டும் பிரித்துத் தனி டிபி பாக்ஸில் (சுவிட்ச், பிரேக்கர் பெட்டி) கொண்டுவர வேண்டும். மோட்டார், கீசர், ஏசி, இண்டக்ஷன் அடுப்பு இதில் சேரவே கூடாது. எங்கள் பழைய வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் ஒரே நியூட்ரலை இழுத்து வைத்திருந்தார்கள். அதைப் பிரிக்காமல் பேக்கப் பக்கம் கொடுத்தால் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் விழும் பாதுகாப்பு சுவிட்ச், சும்மா சும்மா விழும், பிரித்த பிறகுதான் நின்றது. எர்த் குழி மூன்று, பேனல் பக்கத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குப் போகும் கரண்ட் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. முதல் கம்பெனி ஒரே குழியில் மூன்றையும் முடித்திருந்ததைக் காட்டினார். அவர் பேட்டரியை மாடிப்படிக்குக் கீழே வைக்கலாம் என்றபோது நான் அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போனேன். 2015 டிசம்பரில் தண்ணீர் நின்ற அளவு அங்கே டைல்ஸ் இடுக்கில் இன்னும் பழுப்பாகத் தெரியும், இடுப்புக்கு மேல். ஒன்றும் பேசாமல் பேட்டரியை முதல் மாடிக்குக் கொண்டுபோனார். அடையாற்றங்கரையில் குடியிருக்கிறவர்கள் இதை மறக்காதீர்கள். அதே சமயம் மொட்டை மாடித் தகர ஷெட்டிலும் வைக்க வேண்டாம், மே மாத வெக்கையில் லித்தியம் பேட்டரிக்கு ஆகாது.

இவ்வளவு செய்த பிறகும் நவம்பரில் ஒரு ராத்திரி. மழை அடித்துக்கொண்டிருந்தது, ஒரு மணி சுமாருக்குக் கரண்ட் போனது. வீட்டில் எதுவும் அணையவில்லை, மிஷின் ஓடுகிறது, நான் நிம்மதியாகத் திரும்பிப் படுத்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, எல்லாம் இருட்டு, அந்தக் கூவல். போனில் ஆப்பைத் திறந்தால் பேட்டரி 10 சதவீதம். சாயங்காலம் முழுசாக இருந்த பேட்டரி! அப்பா உட்கார்ந்துகொண்டு வாயால் மூச்சு விடுகிறார், விரலில் மாட்டிய மீட்டரில் ஆக்சிஜன் அளவு 86. சிலிண்டர் மூலையில் நிற்கிறது, அதைத் திறக்கிற சாவி கிடைக்கவில்லை. போன் டார்ச்சில் கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடுகிறேன். எதிர்வீட்டு அண்ணா சத்தம் கேட்டு மழையில் நனைந்துகொண்டே ஸ்பேனரோடு ஓடிவந்து திறந்துவிட்டார். மீட்டர் 91க்கு ஏறும் வரை என் கண் அந்த எண்ணை விட்டு நகரவில்லை. அன்று ராத்திரி எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. சாவி இப்போது சிலிண்டர் கழுத்திலேயே சங்கிலியில் தொங்குகிறது.

நடந்தது இதுதான். ஹைப்ரிட் இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் 'செல்ஃப் யூஸ்' என்ற அமைப்பில் வரும். பகலில் பேட்டரி நிரம்பும். சூரியன் சாய்ந்ததும், ஈபி கரண்ட் இருந்தாலும் முதலில் பேட்டரியைத்தான் செலவழிக்கும். சாயங்காலம் டிவி, மிக்ஸி, ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் அதிலிருந்தே போய், ராத்திரி 20 சதவீதத்தில் நிற்கும். பகல் கரண்டுக்கும் ராத்திரி கரண்டுக்கும் விலை வேறுபடும் நாடுகளில் அது லாபம். நமக்கு வீட்டு இணைப்பில் நெட் மீட்டரிங் இருக்கிறது, பகலில் ஈபிக்குக் கொடுத்த யூனிட்டை ராத்திரி அதே யூனிட்டாகக் கழித்துக்கொள்கிறோம். அப்புறம் பேட்டரியை ஏன் தினமும் காலி செய்ய வேண்டும்? ஆஸ்பத்திரிக்கென்று ஒதுக்கி வைத்த பணத்தைத் தினசரி டீச்செலவுக்கு எடுக்கிற மாதிரி இருக்கிறது. 'பேக்கப்' அமைப்புக்கு மாற்றி, ஈபி இருக்கும்போது பேட்டரி 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்று வைக்க வேண்டும். மறுநாள் அதை மாற்றப் போனால் என்னுடைய லாகினில் பார்க்க மட்டும்தான் முடியும். மாற்றும் அதிகாரம் நிறுவியவரின் கணக்கில் இருந்தது, அவருக்கே அது நினைவில்லை. பெரியவர் நல்லவர், காலையிலேயே வந்து சரிசெய்து பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தார். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அடித்த போனை யார்தான் எடுப்பார்கள்? கடைசித் தவணை கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில் இருக்க வேண்டும். அப்படியே இன்னொன்றும் கேட்டு வையுங்கள்: பேட்டரி முழுசாக இறங்கித் தன்னை அணைத்துக்கொண்டால், மறுநாள் வெயில் வந்ததும் தானாக எழுமா, இல்லை ஈபி கரண்ட் வந்தால்தான் எழுமா? சில ஜோடிகள் எழாது. புயல் நாட்களில் அந்த ஒரு வித்தியாசம் பெரிது.

புயலும் வந்தது, அதே மாதக் கடைசியில். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது, சென்னையில் அன்று விமான நிலையத்தையே மூடியிருந்தார்கள். தண்ணீர் தேங்கிய தெருக்களில் பாதுகாப்புக்காக ஈபியே கரண்டை நிறுத்திவிடும், நிறுத்துவதுதான் நல்லது. அன்றைக்குச் சோலாரை நம்பியிருந்தால் கதை முடிந்தது. வழக்கமாக 12 யூனிட் தரும் பேனல் அன்று முழுக்க 2 யூனிட்கூடத் தரவில்லை. மேகம் கவிந்தால் அவ்வளவுதான், எத்தனை கிலோவாட் போட்டாலும். முந்தின நாளே பேட்டரியை 100க்கு ஏற்றி, மோட்டார் போட்டு மேல் தொட்டியை நிரப்பி வைத்திருந்தேன். 1 எச்பி மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட் பக்கம்தான், கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு இழுத்து இன்வெர்ட்டரை விழவைத்துவிடும், அதனால் கரண்ட் இருக்கும்போதே தண்ணீர் ஏற்றிவிட வேண்டும். பகலில் ஃபிரிட்ஜைக்கூட அணைத்து வைத்து, பேட்டரியை அப்பாவின் ராத்திரிக்கு மிச்சம் பிடித்தோம். விடியும்போது 22 சதவீதம் இருந்தது. அப்பா தூங்கி எழுந்து, "ராத்திரி கரண்ட் போச்சா என்ன?" என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை லட்சமும்.

செலவுக் கணக்கு என்று பார்த்தால், மானியம் போக முதல் கட்டத்தில் 1,32,000. இரண்டாம் கட்டத்தில் பழைய இன்வெர்ட்டரை விற்றது போக 2,33,000. இதில் வீணாகப் போனது, பழைய இன்வெர்ட்டரில் நஷ்டம், எரிந்த போர்டுகள், இரண்டாவது தடவை செய்த வயரிங் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 50,000. தம்பியிடம் இந்தக் கணக்கை முழுசாகச் சொல்லவில்லை. நீங்கள் வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான், அதற்கு இன்ஜினியர் வேண்டாம். மொத்தத் தொகையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுவியவரை எதிரில் நிற்க வைத்து, நல்ல வெயிலில் ஒரு தடவையும் இருட்டிய பிறகு ஒரு தடவையும் மெயின் சுவிட்சை நீங்களே கீழே இறக்குங்கள். மிஷின் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடுகிறதா, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். முதல் ஆளிடம் இதைச் செய்யச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

வீட்டில் நோயாளி யாரும் இல்லையென்றால் இவ்வளவும் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். பில்லுக்குச் சாதாரண ஆன்-கிரிட் போதும். கரண்ட் கட்டுக்குத் தனியாக ஒரு நல்ல சைன் வேவ் இன்வெர்ட்டரும் இரண்டு டியூபுலர் பேட்டரியும் வாங்கி, ஃபேனை பிஎல்டிசிக்கு மாற்றினால் கோடை ராத்திரியைத் தாண்டிவிடலாம். இரண்டையும் ஒன்றோடு ஒன்று கோக்காமல் இருந்தால் சரி. ஏசியும் பேட்டரியில் ஓட வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. ஒன்றரை டன் ஏசி ஒரு ராத்திரிக்கு ஏழு, எட்டு யூனிட் தின்னும், அதற்கு மட்டுமே இன்னும் இரண்டு பேட்டரி வேண்டும். 2025 கோடையில் ஒரு நாள் அப்பாவே கேட்டார், "இதுல ஏசி ஓடாதா?" என்று. விலையைச் சொன்னேன். "ஜன்னலைத் திற" என்றார்.